கேஸ் போயிருக்கும்: கார்க் குளிர்பதன வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

காரில் ஏசி சரியாகக் குளிரவில்லை என்று யாரிடம் முறையிட்டாலும், எந்த ஊராயினும், முதலில் கிடைக்கும் விடை ஒன்றே: "கேஸ் போயிருக்கும்." பட்டறைக்காரர் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். வாழ்நாளில் ஒருமுறையேனும் பானட்டைத் தூக்கிப் பாராதவரும் தயங்காமல் சொல்வார். முதுகுவலி முதல் மனக்கவலை வரை அனைத்துக்கும் 'வாயு' என்று காரணம் கண்ட நம் பாட்டிமாரின் வைத்தியமே பட்டறைக்குள் ஆங்கில வேடமிட்டு நுழைந்துவிட்டதோ என்று ஐயுற இடமுண்டு.

இந்த விடை பல நேரங்களில் சரி, சில நேரங்களில் தவறு என்பது ஒருபுறம் இருக்கட்டும். நமக்குச் சுவையாகத் தோன்றுவது வேறு. 'கேஸ்' என்று நாம் ஒற்றைச் சொல்லில் குறிப்பிடுவது கடந்த எண்பத்தைந்து ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு பொருள்களாக இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறை அது மாறியபோதும், குளிராத காரை முன்னிறுத்திக்கொண்டு 'ஏன் குளிரவில்லை' என்று ஆராயும் முறையும் மாறியது, கருவி மாறியது, மெக்கானிக்கின் கண்ணும் மூக்கும் கற்றிருந்த பாடமும் செல்லாக்காசானது. இரண்டு முறை அந்த மாற்றம் பட்டறையில் பிறக்கவில்லை. தென்துருவத்தின் வானத்திலும் பன்னாட்டு மாநாட்டு மேசைகளிலும் பிறந்தது. 'போன' கேஸ் எங்கே போயிற்று என்று யாரோ ஒருவர் கேட்டதன் விளைவு அது.

குளிர்பதனத்தின் அடிப்படை எளிது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது எதனாலோ அதனால்தான் காரும் குளிர்கிறது: நீர்மம் ஆவியாகும்போது அருகிலுள்ள வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பானையில் ஆவியான நீர் திரும்பி வருவதில்லை. இயந்திரத்தில் அதைத் திரும்ப வரவழைக்க வேண்டும். கம்ப்ரெசர் ஆவியை நெருக்கிச் சூடாக்குகிறது. காரின் முகப்பிலுள்ள கண்டென்சரில் அது வெளிக்காற்றிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீர்மமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வு என்னும் குறுகிய வாயில் வழியே அழுத்தம் திடீரெனக் குறைந்து, டாஷ்போர்டின் பின்னாலுள்ள கூலிங் காயிலில் மீண்டும் ஆவியாகிறது. அந்தக் காயிலின் மேல் ஊதப்படும் காற்றே நம் முகத்தில் வந்து விழுவது. இச்சுற்றை இயந்திரமாக்கி 1834இல் காப்புரிமை பெற்றவர் இலண்டனில் வாழ்ந்த அமெரிக்கரான ஜேக்கப் பெர்கின்ஸ். அவர் எண்ணிய பொருள் ஈதர். பின்வந்தோர் அம்மோனியாவையும் கந்தக டை ஆக்சைடையும் மீத்தைல் குளோரைடையும் எடுத்துக்கொண்டனர். குளிர்வதில் மூன்றும் கெட்டிக்காரப் பொருள்கள். கசிந்தால் மூச்சை நிறுத்துவதிலும் அவ்வாறே.

கந்தக டை ஆக்சைடு கசிந்தால் நாற்றமாவது எச்சரிக்கும். மீத்தைல் குளோரைடுக்கோ மெல்லிய இனிய மணம். உறங்குபவரை எழுப்ப அது போதாது. 1920களின் இறுதியில் சிகாகோ நகர அடுக்ககங்களில் அது கசிந்து பலர் இறந்தனர். வீட்டுக் குளிர்ப்பெட்டி அஞ்சத்தக்க பொருளாக இருந்த காலம் அது. ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் சேர்ந்து, அசையும் உறுப்பே இல்லாத, ஆகவே மூட்டுவாய் வழியே கசிய வழியற்ற ஒரு குளிர்ப்பெட்டியை வடிவமைத்து 1930இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர் என்பது இன்று வேடிக்கைச் செய்தியாகப் படிக்கப்படுகிறது. அவர்கள் வேடிக்கைக்காகச் செய்யவில்லை.

அந்தப் போட்டியில் வென்றவர் தாமஸ் மிட்ஜ்லி. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்காக 1928இல் குளோரினும் ஃப்ளூரினும் கார்பனும் சேர்ந்த ஒரு குடும்பத்தை அவர் தேர்ந்தெடுத்தார். ஃப்ரியான் என்று வணிகப்பெயர் பெற்ற அக்குடும்பத்தில் நம் கதைக்கு உரியது ஆர்-12. எரியாது, நஞ்சில்லை, மணமில்லை, உலோகத்தை அரிக்காது. 1930இல் அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த ஆவியை நெஞ்சு நிறைய இழுத்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியின் மேல் ஊதினார். சுடர் அணைந்தது, அவர் சாயவில்லை. ஒரே மூச்சில் இரண்டு நிரூபணங்கள். பெட்ரோலில் ஈயம் கலந்து எஞ்சினின் 'தட்டலை' நிறுத்தியவரும் இதே மிட்ஜ்லிதான். 1940இல் இளம்பிள்ளை வாதம் தாக்கிப் படுக்கையில் வீழ்ந்தவர், தம்மைத் தூக்கி உட்காரவைக்கக் கயிறும் கப்பியும் கொண்டு ஓர் அமைப்பைத் தாமே உருவாக்கினார். 1944இல் அக்கயிற்றிலேயே சிக்கி இறந்தார். இச்செய்தியைப் பலரும் ஒரு தண்டனைக் கதையைப்போல எழுதுவதுண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. மெழுகுவத்தியை ஊதியபோது அவர் நன்மையே செய்தார். அன்று அதை மறுக்க எவரிடமும் சான்று இல்லை.

காரில் இந்தக் குளிரை முதலில் விற்பனைக்கு வைத்தது பேக்கார்டு நிறுவனம். 1939 நவம்பரில் சிகாகோ கண்காட்சியில் அறிவிக்கப்பட்டு, 1940ஆம் ஆண்டு மாதிரிகளில் விருப்பப் பொருளாக வந்தது. விலை 274 டாலர். ஆலையில் முடிந்த காரைக் கிளீவ்லாந்து நகரிலுள்ள பிஷப் அண்ட் பாப்காக் என்னும் நிறுவனத்துக்கு அனுப்பி அங்கே பொருத்தினர். குளிர்க்காயில் பின்னிருக்கைக்குப் பின்னால், சாமான் வைக்கும் டிக்கியின் பெரும்பகுதியை விழுங்கிக்கொண்டு நின்றது. குளிர்ந்த காற்று பின்னாலிருந்து பயணியரின் தலைமேல் வந்து விழுந்தது. வெளிக்காற்று உள்ளே வர வழியில்லை. உள்ளிருந்த காற்றே சுற்றிச்சுற்றி வந்தது. அக்கால வழக்கப்படி நால்வரும் சுருட்டுப் பிடித்துக்கொண்டு பயணம் செய்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்த அமைப்பில் இன்றைய வாசகர் நம்பத் தயங்கும் குறை ஒன்று உண்டு. கம்ப்ரெசரை நிறுத்த வழியில்லை. எஞ்சின் ஓடும்வரை அதுவும் ஓடும். வெப்பத்தை அளந்து நிறுத்தும் கருவியும் இல்லை. ஊதும் விசிறியின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவே. குளிர் வேண்டாம் என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும். மாரி தொடங்கும்போது கழற்றி, வேனில் தொடங்கும்போது மாட்டுவது. வேனிலுக்கு ஒரு பள்ளியும் கூதிருக்கு ஒரு பள்ளியும் வைத்து, பருவம் மாறும்போது ஒன்றை அடைத்து மற்றொன்றைத் திறந்த நம் பழைய மாளிகைவாசிகளுக்கு இது விந்தையாகத் தோன்றியிராது. அமெரிக்கருக்குத் தோன்றியது. 1941க்குப் பிறகு பேக்கார்டு இதை நிறுத்திக்கொண்டது, போரும் வந்தது.

பிறகு 1953இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்சும் மீண்டும் முயன்றன. 1954இல் நாஷ் நிறுவனம் முழு அமைப்பையும் காரின் முன்பகுதிக்கே கொண்டுவந்து, சூடாக்கியையும் குளிராக்கியையும் ஒரே பேழையில் இணைத்தது. விலை 345 டாலர். நாஷ் 1937 முதலே கெல்வினேட்டர் குளிர்ப்பெட்டி நிறுவனத்தோடு இணைந்திருந்தது என்பதை நினைவில் கொண்டால் இது வியப்பன்று. மின்காந்தக் கிளட்சும் இக்காலத்திலேயே வந்தது. கம்ப்ரெசரை வேண்டும்போது எஞ்சினோடு பிணைத்து வேண்டாதபோது விடுவிக்கும் கருவி அது. பொத்தானை அழுத்தியதும் 'டக்' என்று கேட்கிறதே, அதுதான். குளிராத காரை ஆராயும் எவரும் இன்றும் முதலில் செவிகொடுக்கும் ஒலியும் அதுவே. 1968இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் தன் அம்பாசடர் காரில் ஏசியை விருப்பப் பொருள் என்னும் நிலையிலிருந்து அடிப்படைப் பொருளாக்கியது. (நம் ஊர் அம்பாசடரோடு இதற்குப் பெயரளவில்கூட உறவில்லை.)

இனி ஆர்-12இன் பொற்காலம். அக்கால மெக்கானிக்கின் கையில் இரண்டு அரிய உத்திகள் இருந்தன. ஒன்று கண்ணாடிச் சில்லு. டிரையர் என்னும் உருளையின் தலையில் காசளவு கண்ணாடி பதித்திருப்பார்கள். எஞ்சினை ஓடவிட்டு அதில் பார்த்தால், கேஸ் நிறைந்திருக்கும்போது தெளிவாகவும், குறைந்திருக்கும்போது சோடாவைப்போலக் குமிழ்விட்டும் தெரியும். குமிழ் மறையும்வரை ஏற்றினால் வேலை முடிந்தது. தராசும் வேண்டாம், அளவுமானியும் வேண்டாம்.

மற்றொன்று கசிவைக் காணும் விளக்கு. சிறிய எரிவாயுச் சுடரின்மேல் ஒரு செப்புத் தகடு. சுடருக்கு வேண்டிய காற்றை இழுத்துவரும் ஒரு ரப்பர்க் குழாய். அந்தக் குழாயின் நுனியைக் கார்க் குழாய்களின் மூட்டுவாய்தோறும் கொண்டுபோனால், கசிவுள்ள இடத்தில் சுடர் பச்சையாக மாறும். குளோரின் சூடான செம்போடு சேர்வதால் வரும் நிறம். அழகிய கருவி, கண்ணெதிரே நோய் நிறம் காட்டுகிறது. ஆனால் ஃப்ரியான் சுடரில் வேகும்போது சிறிதளவு பாஸ்ஜீனும் பிறக்கிறது. முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் வீசப்பட்ட நஞ்சு அது. நஞ்சில்லாக் கேஸைத் தேடுவதற்கு நஞ்சை உண்டாக்கும் விளக்கு! காற்றோட்டமில்லாத பட்டறைகளில் பலர் இதை அறியாமலே பல்லாண்டுகள் குனிந்து நின்றிருக்கிறார்கள்.

கேஸ் மலிவாக இருந்ததால் கசிவைத் தேடுவதைவிடக் கேஸை ஏற்றுவதே சிக்கனமாயிருந்தது. ஆண்டுதோறும் கோடைக்கு முன்பு 'டாப்-அப்'. பழுதுபார்க்க அமைப்பைத் திறக்க வேண்டுமென்றால் வால்வைத் தளர்த்தி எல்லாவற்றையும் வானத்தில் விட்டுவிடுவார்கள். குழாயைச் சுத்தம் செய்வதற்கும் அதையே பீய்ச்சினார்கள். நஞ்சில்லை, எரியாது, மணமில்லை: போனால் போகட்டும். ஒரு காரில் ஒரு கிலோவும் அதற்கு மேலும் இருந்த காலம்.

எங்கே போயிற்று? 1970களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் லவ்லாக் என்னும் ஆங்கிலேயர் தாமே செய்த நுண்கருவியோடு கப்பலேறித் தென்துருவப் பக்கம் வரை சென்று, மனித நடமாட்டமற்ற கடற்காற்றிலும் இந்தக் குடும்பப் பொருள்கள் இருப்பதை அளந்து வந்தார். எங்கும் போகவில்லை, எல்லாம் இங்கேயே இருக்கிறது என்பது அதன் பொருள். ஷெர்வுட் ரோலண்டும் மரியோ மொலினாவும் அடுத்த கேள்வியைக் கேட்டனர்: எதனோடும் வினைபுரியாத இப்பொருள் இறுதியில் என்னாகும்? மேல்வளிமண்டலத்தை அடைந்து புறஊதாக் கதிரில் சிதையும். விடுபடும் ஒரு குளோரின் அணு ஓசோன் மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் அழிக்கும் என்பது 1974இல் 'நேச்சர்' இதழில் அவர்கள் தந்த விடை. ஆர்-12 வளிமண்டலத்தில் ஏறத்தாழ நூறாண்டு வாழும். மிட்ஜ்லி விரும்பிச் சேர்த்த நற்குணமே, அதாவது அசையாத அதன் நிலைத்தன்மையே, இங்கே குற்றமாயிற்று.

பதினோராண்டுகள் வாதம் நடந்தது. 1985இல் ஜோசஃப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனதன் ஷாங்க்ளின் ஆகிய மூவர் அண்டார்டிகாவின் மேல் இளவேனில்தோறும் ஓசோன் பேரளவில் குறைந்துவருவதைக் காட்டினர். 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இத்தனை விரைவில் உலகம் இணங்கிய சூழலியல் ஒப்பந்தம் வேறொன்றைச் சொல்வது கடினம். ரோலண்டுக்கும் மொலினாவுக்கும் பால் கிரட்சனோடு 1995இல் நோபல் கிடைத்தது. ஃபார்மன் குழுவுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருக்கலாம் என்பது நம் கருத்து.

பட்டறையில் இதன் விளைவு 1990களில் தெரிந்தது. குளோரின் இல்லாத ஆர்-134ஏ புதிய கார்களில் வந்தது. அமெரிக்காவில் 1995 இறுதியோடு ஆர்-12 உற்பத்தி நின்றது. சாலையிலோ கோடிக்கணக்கான பழைய கார்கள். அவற்றில் புதிய கேஸை ஊற்றினார்கள், குளிரவில்லை. அக்கால மெக்கானிக்குகளுக்கு இது பெரும் புதிராக இருந்தது. காரணங்கள் பல. பழைய கேஸோடு கலந்து சுற்றிவந்த தாது எண்ணெய் புதியதில் கரையாது. ஓரிடத்தில் தேங்கி நின்று கம்ப்ரெசரைப் பட்டினி போடும். ஆகவே எண்ணெயையும் மாற்ற வேண்டும். அதே வெப்பத்தில் புதியதற்கு அழுத்தம் மிகுதி. பழைய சிறு கண்டென்சரால் அதைத் தணிக்க இயலாது. மூலக்கூறு சிறியது, பழைய ரப்பர்க் குழாயின் சுவரிலேயே ஊடுருவி வெளியேறும். பழைய அளவே ஊற்றினால் மிகுதியாகும். எண்பது, தொண்ணூறு விழுக்காடே போதும்.

இவற்றைவிடக் கொடியது பழகிய உத்திகள் கைவிட்டதுதான். பச்சைச் சுடர் விளக்கு இனி பச்சை காட்டாது, குளோரினே இல்லையே. கண்ணாடிச் சில்லிலோ சரியான அளவு இருக்கும்போதும் சில அமைப்புகளில் குமிழ் தெரியும். குமிழ் மறையட்டும் என்று பழைய பழக்கத்தில் ஏற்றிக்கொண்டே போனால் கேஸ் மிகுந்து, அதனாலேயே குளிர் குறையும். கேஸ் குறைந்தால் குளிராது என்பதை எல்லோரும் அறிவர்; மிகுந்தாலும் குளிராது என்பதை அந்தத் தலைமுறை தண்டம் கட்டிக் கற்றது. பழைய கேஸ் தேடுவோருக்காகக் கள்ளச்சந்தை பிறந்தது. மயாமித் துறைமுகத்தில் கொக்கேனுக்கு அடுத்தபடி இலாபம் தரும் கடத்தல் பொருள் ஆர்-12தான் என்று அந்நாளைய அமெரிக்க அதிகாரிகள் கூறியதாக இதழ்கள் எழுதின. போதையும் குளிரும் ஒரே கப்பலில் வந்த காலம்.

இந்தியாவின் கதை வேறு விதமாக நடந்தது. 1983இல் மாருதி வந்த பின்னரே ஏசி கார் என்னும் எண்ணம் நடுத்தர வகுப்பின் எட்டும் தொலைவுக்கு வந்தது. மாருதிக்குக் குளிர்சாதனம் செய்யவே ஜப்பானியக் கூட்டோடு சுப்ரோஸ் நிறுவனம் 1985இல் தோன்றியது. 796 சிசி எஞ்சினுக்குக் கம்ப்ரெசர் ஒரு கூடுதல் பயணிபோல. மேட்டில் ஏறும்போது ஏசியை அணைத்துவிட்டு, ஏறியதும் போடுவது ஓட்டுநர் மரபாயிற்று. மலையில் குளிராத அந்தக் காருக்குக் கேஸ் போகவில்லை, வலுவே போதவில்லை.

மாண்ட்ரியலில் இந்தியா முதலில் கையெழுத்திடவில்லை. ஓசோனைக் குலைத்த பொருள்களில் பெரும்பகுதியைப் பயன்படுத்தியவர்கள் பணக்கார நாட்டினர். மாற்றுவதற்கான செலவையும் தொழில்நுட்பத்தையும் அவர்களே தரவேண்டும் என்பது வாதம். 1990 இலண்டன் கூட்டத்தில் அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராயிருந்த மேனகா காந்தி இதை வலுவாக முன்வைத்தார். பன்முக நிதியம் அங்கே உருவானது. 1992இல் இந்தியா இணைந்தது. இவ்வகைப் பொருள்களை இந்தியாவில் செய்த நிறுவனங்கள் நான்கு. அவற்றுள் ஒன்று நம் மேட்டூரில் இருந்த கெம்பிளாஸ்ட் சன்மார். காவிரி வறண்ட ஆண்டுகளையும் நிறைந்த ஆண்டுகளையும் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறோம். அந்த அணையூரிலிருந்தும் ஓசோன் படலத்துக்கு ஒரு வழி இருந்தது என்பதை எழுதியதாக நினைவில்லை. உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்துவதற்காக 1999இல் அந்நிதியம் 8 கோடியே 20 இலட்சம் டாலர் தர இசைந்தது. புதிய கார்களில் ஆர்-12 பயன்படுத்துவது 2003 சனவரி முதல் தடைப்பட்டது. 2010 வரை தவணை இருந்தும் இந்தியா 2008 ஆகஸ்டு 1 அன்றே உற்பத்தியை நிறுத்தியது. ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சுமருந்துக் குப்பிகளுக்கு மட்டும் விலக்கு.

எங்கள் ஊரில் பழைய விளக்கையும் புதிய கருவியையும் கையாண்ட பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார். "என்னண்ணே, கேஸ் போட்டாச் சரியாயிடுமா?" என்று நாம் கேட்டபோது அவர் கூறியது: "போட்டாக் குளிரும் சார். போனது எங்கன்னு பாக்காமப் போட்டா, அடுத்த சித்திரைக்கும் நீங்க இங்கதான் நிக்கணும்."

அவர் செய்யும் முறையை வரிசைப்படுத்திப் பார்த்தால், வரலாறு முழுவதும் அதில் படிந்திருப்பது தெரிகிறது. முதலில் அவர் கேஸைத் தொடுவதே இல்லை. காற்று குறைவாக வருகிறதா, அல்லது நிறைய வந்தும் குளிரில்லையா என்று கேட்கிறார். காற்றே குறைவென்றால் கேபின் ஃபில்டரில் புழுதி அடைந்திருக்கும். சில நூறு ரூபாய் வேலை. அடுத்து, ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நிற்கும்போது சூடாகிறதா என்று கேட்கிறார். ஆம் என்றால் குற்றவாளி முகப்பிலுள்ள மின்விசிறி, இல்லையேல் கண்டென்சரின் செதில்களில் அடைந்த மண்ணும் பூச்சியும். வண்டி ஓடும்போது எதிர்காற்று செய்யும் வேலையை நிற்கும்போது செய்ய ஆளில்லை. தொடக்கத்தில் நன்றாகக் குளிர்ந்து, அரைமணியில் நின்று, அணைத்துவைத்துப் போட்டால் மீண்டும் குளிர்கிறது என்றால், உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது. அந்த நீர்த்துளி எக்ஸ்பான்ஷன் வால்வின் வாயில் பனிக்கட்டியாக உறைந்து அடைத்துக்கொள்கிறது, அணைத்தால் உருகுகிறது. ஒருபுறத் துளையில் குளிரும் மறுபுறத் துளையில் வெதுவெதுப்பும் வந்தால், சூட்டையும் குளிரையும் கலக்கும் உட்கதவு சிக்கியிருக்கலாம். கேஸ் குறைந்தாலும் சில கார்களில் இவ்வாறு தோன்றும்.

இத்தனைக்குப் பிறகே நீலமும் சிவப்பும் கொண்ட அழுத்தமானிகளை மாட்டுகிறார். 30, 35 பாகை வெயிலில், எஞ்சின் 1500 சுற்றில் ஓடும்போது ஆர்-134ஏ வண்டியில் நீலம் 20க்கும் 35க்கும் இடையிலும் சிவப்பு 200க்கும் 230க்கும் இடையிலும் நின்றால் ஏறத்தாழ நலம். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் கேஸ் மிகுதி, அல்லது கண்டென்சர் குளிரவில்லை. நீலம் உயர்ந்து சிவப்பு தாழ்ந்தால் கம்ப்ரெசர் முதுமை அடைந்துவிட்டது. எஞ்சினை அணைத்துவிட்டு அளந்து "பிரஷர் இருக்கு சார், கேஸ் புல்" என்று சொல்பவரை நம்பவேண்டாம் என்பது அவர் கட்சி. அது சரியே. உள்ளே ஒரு கரண்டி நீர்மம் எஞ்சியிருந்தாலும் நிற்கும் அழுத்தம் வெளிவெப்பத்தைப் பொறுத்தே அமையும். கால்பங்கு இருந்தாலும் முழுப்பங்கு இருந்தாலும் ஒரே எண். எவ்வளவு இருக்கிறது என்று அறிய வழி ஒன்றே: முழுவதையும் உறிஞ்சி, தராசில் நிறுத்து, வெற்றிடமாக்கி, பானட்டின் அடியில் ஒட்டியுள்ள தாளில் அச்சிட்ட கிராம் கணக்கில் திரும்ப ஏற்றுவது. இன்றைய சிறு கார்களில் அது அரைக்கிலோவுக்கும் குறைவு. ஒரு கிலோ இருந்த காலத்தில் நூறு கிராம் போனால் தெரியாது, இப்போது தெரியும்.

வெற்றிடமாக்கும் அந்த அரைமணி நேரத்தைத்தான் பெரும்பாலோர் களவாடுகிறார்கள். உள்ளேயுள்ள ஈரம் அறைவெப்பத்திலேயே கொதித்து வெளியேறுவது அப்போதுதான். அதைத் தவிர்த்து ஊற்றிய கேஸ் அன்று குளிரும்; சில வாரங்களில் வால்வு அடைக்கும்.

இதனினும் பெரிய களவு ஒன்று உண்டு. ஆர்-134ஏ விலையேறியபோது போலிகள் வந்தன. 2011இல் குளிர்சாதனக் கப்பற்பெட்டிகள் சில துறைமுகங்களில் திடீரென வெடித்து மூவர் மாண்டனர். வியட்நாமில் பழுதுபார்க்கப்பட்ட அப்பெட்டிகளில் ஆர்-134ஏ என்ற பெயரில் ஊற்றப்பட்டிருந்தது மீத்தைல் குளோரைடு கலந்த போலி. சிகாகோ அடுக்ககங்களில் உறங்கியவர்களைக் கொன்ற அதே பொருள், எண்பதாண்டு கழித்து, பெயர் மாற்றித் திரும்பியிருந்தது. இம்முறை அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டதும் தீப்பற்றும் சேர்மமாக மாறியிருந்தது. கார்க் கம்ப்ரெசரும் அலுமினியமே. முத்திரையில்லாத குப்பியிலிருந்து மலிவாகக் கேஸ் ஏற்றச் சம்மதிக்கும் எவரும் இந்தச் செய்தியை அறிந்திருப்பது நலம்.

ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் புவியைச் சூடாக்கும். ஒரு கிலோ கசிந்தால் 1430 கிலோ கரியமிலவாயுவுக்கு ஈடு. அரைக்கிலோ கேஸ் முழுவதும் 'போய்விட்டது' என்றால் 715 கிலோ. ஏறக்குறைய முந்நூறு லிட்டர் பெட்ரோலை எரித்த கணக்கு. நாம் குளிர்வதற்காக வெளியை இவ்வளவு சூடாக்கினோம் என்பது உருவகமன்று. எனவே ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் ஆணை பிறப்பித்து, 2017 முதல் புதிய கார் எதிலும் இவ்வெண் 150ஐத் தாண்டக்கூடாது என்றது. மூன்றாவது கேஸ் வந்தது: ஆர்-1234ஒய்எஃப். சில நாள்களிலேயே காற்றில் சிதைந்துவிடும். ஆனால் சிறிதளவு எரியும். 2012இல் டைம்லர் நிறுவனம், தன் சோதனையில் இது சூடான எஞ்சின்மேல் பட்டுத் தீப்பற்றியதாகக் கூறிப் பயன்படுத்த மறுத்தது. ஜெர்மனி அதைப் பொறுத்துக்கொண்டது குற்றம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. மெழுகுவத்தியை அணைத்துக் காட்டிய மிட்ஜ்லியின் அளவுகோலில் இது ஒரு படி பின்னோக்கிய பயணம்தான். அதன் விலையும் பன்மடங்கு. ஆகவே புதியதற்கென அமைந்த கார்களில் பழையதை ஊற்றும் தந்திரம் பல நாடுகளில் தொடங்கிவிட்டது. தடுப்பதற்காகக் குப்பியின் மரையை இடப்பக்கம் திரும்புவதாக அமைத்திருக்கிறார்கள். மரையை வெல்லும் இணைப்புகளும் கடைகளில் கிடைக்கின்றன.

2016இல் கிகாலியில் மாண்ட்ரியல் உடன்படிக்கை திருத்தப்பட்டு ஆர்-134ஏ உள்ளிட்ட குடும்பமும் குறைப்புப் பட்டியலில் சேர்ந்தது. இந்தியா 2021இல் ஏற்றது. 2028இல் அளவு உறையும், 2047க்குள் 85 விழுக்காடு குறைய வேண்டும். ஓசோன் படலமோ மெல்லத் தேறி வருகிறது. அண்டார்டிகாவில் 2066 அளவில் 1980ஆம் ஆண்டு நிலையை எட்டும் என்பது 2023இல் வெளியான மதிப்பீடு. இதே ஆண்டுகளில்தான் இந்தியாவில் கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம் என்ற ஆணையும் வந்திருக்கிறது. 2025இலிருந்து தயாராகும் வண்டிகளுக்கு. எஞ்சின் சூட்டின்மேல் அமர்ந்து நாள் முழுதும் ஓட்டுபவனுக்கு இது எண்பத்தைந்து ஆண்டுத் தாமதம். நாமக்கல் பட்டறைகளில் இனி அந்த லாரிகளும் வந்து நிற்கும். எக்ஸ்பான்ஷன் வால்வும் கண்டென்சரும் கற்றவர்கள் அங்கே எத்தனை பேர் இருப்பார்கள், உறிஞ்சி நிறுக்கும் இயந்திரம் எத்தனை பட்டறைகளில் இருக்கும் என்பவை அடுத்த சில கோடைகளில் தெரிந்துவிடும்.